மாரிக்கு முந்தின வேலைகள்

ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள் ஒருத்தி போன கிழமை போனில் கதைத்தாள். கார் ரயர் மாத்த வேணும், மகனுக்குச் சப்பாத்து அளவில்லாமல் போச்சு, ஹீற்றரை ஒருக்கால் ஆளைக் கூப்பிட்டுக் காட்ட வேணும் என்று தன் வேலைகளை அடுக்கிவிட்டு, "உங்களுக்கென்ன, அங்கை விண்டரும் இல்லை ஒண்டும் இல்லை" என்று முடித்தாள். இங்கே பனி கொட்டுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஆவணிக் கடைசியிலிருந்து ஐப்பசி மழை வரைக்கும் ஜெயபுரத்தில் ஒரு வீட்டுக்காரிக்கு எவ்வளவு வேலை கிடக்கும் என்பதை அவள் மறந்துவிட்டாள் போல. மறந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ஜெயபுரம் தெரியாதவர்களுக்கு: மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகிற ஏ-32 வீதியில், முழங்காவிலுக்கும் பூநகரிக்கும் இடையில் இருக்கிற ஊர். கிளிநொச்சி மாவட்டம், பூநகரிப் பிரதேச செயலகப் பிரிவு. 1977 கலவரத்துக்கும் 1983க்கும் பிறகு மலைநாட்டிலிருந்து உயிர் தப்பி வன்னிக்கு வந்த குடும்பங்கள் பல இங்கே காடு வெட்டிக் குடியிருந்தன. என் அப்பாயி அப்படி வந்தவர். நான் வாழ்க்கைப்பட்ட வீட்டு மாமியோ பூநகரி மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். இரண்டு பேரும் இப்போது என் வீட்டில் ஒரே விறாந்தையில் இருக்கிறார்கள். அதனால் எங்கள் வீட்டில் ஒரு வேலையை இரண்டு விதமாகச் செய்யச் சொல்லி இரண்டு பேர் சொல்வார்கள். நான் மூன்றாவது விதமாகச் செய்வேன்.

உலர் வலயம் என்றால் வருசத்துக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை கிடைக்கிற பகுதி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்தக் கணக்கு முழு வருசத்துக்கும். எங்களுக்கு அந்த மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து தை வரைக்குமே கொட்டித் தீர்ந்துவிடும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் கணக்கில் வடகீழ்ப் பருவக்காற்று மார்கழியில்தான் தொடங்குகிறது. ஒக்டோபரும் நவம்பரும் இரண்டு பருவங்களுக்கும் இடைப்பட்ட காலம். வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகிப் புயலாக மாறுவது கூடுதலாக அந்த இடைக்காலத்தில்தான். அதாவது, பருவம் தொடங்க முதலே ஆபத்து வந்துவிடும். ஆடியில் சோளகம் செம்புழுதியை வாரி வீட்டுக்குள் கொட்டும்போது, கிணற்றில் வாளி தட்டுகிற சத்தம் கேட்கும்போது, இந்த ஊரில் தண்ணியிலிருந்து எதையாவது காப்பாற்ற வேண்டி வரும் என்று சொன்னால் வெளியாள் நம்பமாட்டார். மாரிக்கு ஆயத்தப்படுவது என்றால் எங்களுக்குக் குளிருக்கு உடுப்பு எடுத்து வைப்பதில்லை. காய்ந்தது எதுவோ அது தை வரைக்கும் காய்ந்தபடியே இருக்கப் பார்த்துக்கொள்வது.

முதல் வேலை தூள். கறித்தூள் முடிகிற நேரம் பார்த்து இடிக்கிற பழக்கம் மற்ற மாதங்களில் சரி; புரட்டாதியில் போத்தலில் பாதி இருந்தாலும் புதிதாக வறுத்தாக வேணும். செத்தல் மிளகாயை முற்றத்தில் பாயில் பரப்பி, கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும் வரைக்கும் காயவிடுவோம். மழை பிடித்த பிறகு வாங்கிய மிளகாய் ஒருநாளும் அப்படிக் கலகலக்காது. தொட்டால் தோல் மாதிரி வளையும். மிளகாய் ஒரு கிலோவுக்கு மல்லியும் ஒரு கிலோ, பிறகு பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, கொஞ்ச வெந்தயம், மஞ்சள், கைநிறையக் கறிவேப்பிலை. எல்லாவற்றையும் தனித்தனியே வறுக்க வேணும். கறிவேப்பிலை விரலுக்கிடையில் நொறுங்கினால்தான் இறக்கலாம். மிளகாய் கடைசி, ஏனென்றால் அது ஏறினால் வீட்டில் ஒருவரும் நிற்க முடியாது. எங்கள் நாய் மிளகாய்ச் சட்டியைக் கண்டவுடன் படலையடிக்குப் போய்விடும்.

மில்லில் அந்த நாட்களில் நல்ல சனம். திரித்து வந்த தூள் சுடச்சுட இருக்கும். அதை அப்படியே போத்தலில் போட்டு மூடினால் உள்ளே வியர்த்து, கார்த்திகை வரும்போது கட்டி கட்டியாகப் பூஞ்சணம் பிடித்துவிடும். பழைய பேப்பரில் பரப்பி நன்றாக ஆறவிட்டுத்தான் அடைக்க வேணும். அப்பாயி போத்தலுக்கு மேல் ஒரு உப்புக்கல் போட்டு வைக்கச் சொல்வார். மாமி உப்புப் போட்டால் ஈரம் இழுக்கும், பெருங்காயத் துண்டு போடு என்பார். நான் இரண்டும் போடுவதில்லை. ஈரக் கரண்டியை விடாமல் இருந்தால் தூள் தானாக இருக்கும்.

அடுத்தது விறகு. எங்கள் வீடு 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டினது. ஐந்தரை இலட்சம் ரூபாவைக் கட்டங் கட்டமாகத் தந்தார்கள். வேலையை நாங்களே நின்று செய்வித்தோம். உள்ளுக்கு ஒரு குசினி இருந்தாலும் புகை போக வழி சரியில்லை என்று எல்லா வீட்டாரும் பின்னால் கிடுகோ தகரமோ போட்டு இன்னொரு குசினி இறக்கினார்கள். சமையல் அங்கேதான். காஸ் சிலிண்டர் இருக்கிறது, ஆனால் அது மழைக்காலக் காலைகளுக்கும், விருந்தாள் வந்தால் தேத்தண்ணி வைக்கவும். 2022இல் காஸும் இல்லை மண்ணெண்ணெயும் இல்லை என்று கொழும்பு தவித்தபோது எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, விறகு இருந்தது.

விறகை நிலத்தில் அடுக்கக்கூடாது. இரண்டு தடியைக் கிடையாகப் போட்டு, கீழே காற்றுப் போக விட்டு, அதற்கு மேல்தான் அடுக்க வேணும். நிலத்தில் கிடந்தால் கறையானும் ஏறும், பாம்பும் சுருளும். பெரிய கட்டைகள் சுவரோரம், கொப்புகள் முன்னுக்கு. ஆனால் மாரியில் அடுப்பு மூட்டுகிறவளுக்குப் பெரிய கட்டையைவிடப் பெறுமதியானது பன்னாடையும் ஊமலும் சிரட்டையும். நனைந்த கட்டையைக்கூட ஊமல் நெருப்பில் வைத்து உலர்த்தி எரித்துவிடலாம். பற்றவைக்க ஒன்றும் இல்லாவிட்டால் காய்ந்த கட்டை இருந்தும் பிரயோசனமில்லை. மாமி இவற்றை உரப்பைகளில் கட்டிக் குசினிப் பரணில் ஏற்றுவார். பிள்ளைகள் பகிடிக்கு "மாமியின் வங்கி" என்பார்கள்.

நெருப்புப்பெட்டியை மாமி வைக்கிற இடத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு பழைய அங்கர் பேணி. அடியில் ஒரு கை பச்சையரிசி, அதற்கு மேல் நெருப்புப்பெட்டிகள், பிறகு அவை மறைகிற அளவுக்குத் திரும்ப அரிசி. மூடியை இறுக்கி அதற்கு மேல் பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டிய வளையம் ஒன்று. எவ்வளவு அடைமழையிலும் அதற்குள் இருக்கிற குச்சி ஒரே உரசலில் பற்றும். இதை அவர் 2008 மாரியில் பழகினார்.

அந்த வருசத்தை நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனால் மாரி பற்றி எழுதிவிட்டு அதை விடவும் முடியாது. ஏ-32 பாதையால் சண்டை நெருங்கி வந்தது. ஐப்பசியில் இந்தப் பக்க ஊர்கள் வெறுமையாகின. 2008 நவம்பர் 15 பூநகரியை இராணுவம் பிடித்தது. அப்போது நாங்கள் கிழக்கே, தருமபுரம் பக்கம், ஒரு தென்னங்காணிக்குள் தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். அந்த மாதக் கடைசியில் நிஷா புயல். வடக்கு முழுக்க வெள்ளம். ஷெல்லுக்குப் பயந்து வெட்டின பதுங்குகுழிக்குள் தண்ணி நின்றது. உள்ளே இறங்கினால் தண்ணி, வெளியே நின்றால் ஷெல். பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சுடுகஞ்சி வைக்க வேணும். அரிசி இருந்தது, தண்ணி தேவைக்கு மேல் இருந்தது, நெருப்பு மட்டும் இல்லை. பக்கத்துத் தறப்பாளில் ஒரு அம்மா தலைமுடிக் கொண்டைக்குள் ஒரு நெருப்புப்பெட்டியைப் பொலித்தீனில் சுற்றிச் செருகி வைத்திருந்தார். அதிலிருந்து அந்த வரிசை முழுக்க அடுப்பு எரிந்தது.

அதனால்தான் எங்கள் வீட்டில் றங்குப்பெட்டிக்குள் இன்னும் ஒரு பை இருக்கிறது. காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சாட்சிப்பத்திரங்கள், பிள்ளைகளின் சோதனைப் பெறுபேறுகள், வங்கிப் புத்தகம், இரண்டு படம். எல்லாம் இரட்டைப் பொலித்தீனில். வருசா வருசம் புரட்டாதியில் அதைத் திறந்து வெயிலில் பிடித்து, பூச்சி பார்த்து, புதுப் பையில் மாற்றுவேன். சண்டைக்காகப் பழகின பழக்கம் வெள்ளத்துக்கு உதவுகிறது. 2018 மார்கழி 7ஆம் திகதி இரணைமடுக் குளத்தைப் புனரமைத்து, கொள்ளளவைக் கூட்டி ஜனாதிபதி வந்து திறந்துவைத்தார். இரண்டு கிழமை போகவில்லை, 21ஆம் 22ஆம் திகதிகளில் பெய்த மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கின. இரவோடு இரவாகப் பள்ளிக்கூடங்களுக்கு ஓடிய சனங்களில் பத்திரம் எல்லாம் நனைந்துபோன குடும்பங்கள் எத்தனை! ஒரு பிறப்புச் சாட்சிப்பத்திரத்தைத் திரும்ப எடுக்க எத்தனை கந்தோர் ஏற வேணும் என்று ஏறினவர்களைக் கேட்டால் தெரியும்.

இனி வயல். எங்கள் பக்கம் பெரும்பாலும் மானாவாரி. வானத்தைப் பார்த்த விதைப்பு. புழுதியாக உழுது, காய்ந்த மண்ணிலேயே நெல்லை எறிந்துவிட்டு மழைக்குக் காத்திருக்க வேணும். மழை பிந்தினால் குருவியும் எறும்பும் தின்னும். முந்திக் கொட்டினால் முளை அழுகும். பூநகரியின் மொட்டைக்கறுப்பன் பேர்போனது. சிவப்பரிசி, புட்டுக்கும் கஞ்சிக்கும் அதற்கு நிகர் இல்லை என்பது மாமியின் தீர்ப்பு. இப்போது சந்தைக்காக வெள்ளை நெல்லுத்தான் கூட விதைக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு துண்டில் மட்டும் வீட்டுத் தேவைக்கென்று மொட்டைக்கறுப்பன் போடுவோம். பழைய நெல் மூட்டைகளை அதற்கு முதலே வெயில் காட்டி, அவித்துக் குத்துவித்து அரிசியாக்கி வைத்துவிட வேணும். மாரியில் நெல் அவித்தால் காயவைக்க இடமில்லை. அவித்த நெல் புளித்தால் சோறு வாயில் வைக்கேலாது.

மழை எப்போது என்பதற்கு எங்களிடம் இரண்டு அறிவிப்பாளர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியல்துறை நாகமுத்து பிரதீபராஜா தமிழில் எழுதுகிற வானிலைக் குறிப்புகள் பேஸ்புக்கில் வந்தவுடன் இந்த ஊர் வைபர் குழுக்களெல்லாம் சுற்றும். தாழமுக்கம் எந்த இடத்தில், எந்தத் திகதியில் கனமழை, விதைக்கலாமா பொறுக்கலாமா என்று விவசாயிக்கு விளங்குகிற மாதிரி எழுதுவார். எங்கள் வீட்டு இரண்டாவது அறிவிப்பாளர் மாமி. எறும்பு முட்டை காவுதா, தவளை எந்தப் பக்கம் கத்துது, தும்பி பதிந்து பறக்குதா என்று பார்ப்பார். இரண்டும் ஒத்துவந்தால் என் வீட்டுக்காரர் விதைப்பார். ஒத்துவராவிட்டால் பேஸ்புக்கைக் கேட்டு விதைத்துவிட்டு மாமியிடம் சொல்லமாட்டார்.

மூன்றாவது அறிவிப்பாளர் ஒன்றும் உண்டு, ஆறுமணிக்குருவி. ஒக்டோபரில் வட இந்தியாவிலிருந்து வந்து சேரும். பச்சை முதுகு, நீலத் தோள்பட்டை, வயிற்றடியில் சிவப்பு, குட்டை வால். காலை ஆறு, மாலை ஆறு என்று அந்தந்த நேரத்துக்கு இரண்டு சுரத்தில் விசில் அடிக்கும். கடல் தாண்டின களைப்பில் சுவரில் முட்டி விழுகிறவையும் உண்டு. போன வருசம் ஒன்று எங்கள் விறாந்தைத் தூணடியில் விழுந்து கிடந்தது. மகள் கடகத்தால் மூடி, பூனையை விரட்டிவிட்டுப் பக்கத்திலேயே இருந்தாள். அரை மணித்தியாலத்தில் கடகத்துக்குள் தத்துகிற சத்தம். திறந்துவிட, நடந்தே மாமரத்தடிச் சருகுக்குள் போனது. பறக்கவில்லை, கோழி மாதிரிச் சருகைக் கிளறித் தின்னத் தொடங்கிவிட்டது. அதன் விசில் கேட்டால் குடை பார்க்க வேணும் என்று மகளுக்கு இப்போது கணக்கு.

குளிருக்கு வருகிறேன். வாடைக்காற்று விழுந்தால், மழை விட்ட மார்கழி விடியலில் இங்கேயும் பல்லுக் கிட்டும். ஆனால் நாங்கள் போர்வைக்குள் சுருளுவதைப் பார்த்து அப்பாயிக்குச் சிரிப்பு. "இதெல்லாம் ஒரு குளிராம்மா? நுவரெலியாப் பக்கம் வந்து பாரு. தை மாசம் புல்லுல வெள்ளையா உறைஞ்சு கெடக்கும். அதுல வெறுங்கால்ல மலைக்கு ஏறிக் கொழுந்து எடுத்தோம்." தோட்டத்தில் கம்பளியைத் தலையிலிருந்து முதுகுக்கு இறக்கி, இடுப்பில் படங்கைக் கட்டி, அட்டை கடிக்க நின்ற கதை எல்லாம் வரும். லயத்துக் காம்பராவில் அடுப்பு எப்போதும் கனன்றபடி இருக்குமாம். புகைதான், கண்ணெரிவுதான், ஆனால் சுவர் சூடாக இருக்கும். "குளிர் கொல்லாது. நனைஞ்சுபோய்க் காத்துல நிக்கிறதுதான் கொல்லும்" என்பார் அப்பாயி.

அவர் சொன்னதற்கு 2022 மார்கழி சாட்சி. மாண்டஸ் புயல் இலங்கையைத் தொடவில்லை. டிசம்பர் 9 இரவு தமிழ்நாட்டில் மாமல்லபுரம் பக்கம்தான் கரை கடந்தது. அதற்கு முந்தின இரவுகளில் வடக்கிலிருந்து வந்த காற்று இந்தியாவின் தூசியையும் சேர்த்துக்கொண்டு வந்தது. காற்றின் தரம் கெட்டுவிட்டதென்று 9ஆம் திகதி நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பிள்ளைகளுக்கு லீவு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் விழத் தொடங்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள், அதோடு ஆடுகளும், ஒன்றிரண்டு நாளில் செத்தன. ஏதோ கிருமி என்று முதலில் பயந்தார்கள். மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். காரணம் குளிர்.

ஏன் அவ்வளவு? வன்னியில் மாட்டுப்பட்டிக்குக் கூரை கிடையாது. முள்ளுக் கம்பியோ தடியோ வரிந்த வெளிதான் பட்டி. விதைப்பு முடிந்தால் மாட்டை வயலில் விடேலாது, காட்டோரம் கொண்டுபோய் விடுவார்கள். அங்கே மழைக்காலத்தில் வயிறு நிறைய மேய்ச்சலும் இல்லை. மெலிந்த உடம்பு, நாள்முழுக்க நனைந்த மயிர், இராமுழுக்க வாடை. நின்ற நிலையில் நடுங்கி, பிறகு படுத்து, பிறகு எழும்பவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒருவரின் பட்டியை விடியப் போய்ப் பார்த்தேன். கன்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே கிடந்தன. நடுவில் கிடந்த ஒரு கன்று மட்டும் சூட்டில் பிழைத்திருந்தது. அடுத்து வந்த தையில் பட்டிப்பொங்கலுக்கு அவர் வீட்டில் பானை வைக்கவில்லை.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் எங்கள் கொட்டிலின் வடக்குப் பக்கத்தை மட்டும் பனையோலையால் அடைத்தார். மற்றப் பக்கங்கள் திறந்தே இருக்கின்றன. காற்று வருகிற திசையை மறைத்து, மேலே நனையாமல் பார்த்தால் மாடு தன் சூட்டைத் தானே வைத்துக்கொள்ளும். செலவு பெரிதில்லை. ஓலை வெட்ட ஒருவர், கட்ட ஒருவர், ஒரு பின்னேரம். ஆனால் அது புரட்டாதிப் பின்னேரமாக இருக்க வேணும். கார்த்திகையில் ஓலையும் ஈரம், ஆளும் வயலில்.

வீட்டுக்குள் மாரி என்றால் முதலில் நினைவுக்கு வருவது வெள்ளைச் சீருடை. இரண்டு சோடிதான் இருக்கும். காய மூன்று நாள் எடுக்கும். அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்தால் புகை மணக்கும், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் பகிடி பண்ணுவார்கள். கரண்ட் இருந்தால் ஈரத்தோடு அயன் பண்ணிப் போட்டு அனுப்புவேன். பெரிய வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இன்னொரு பதற்றம், உயர்தரப் பரீட்சை. 2024 கார்த்திகைக் கடைசியில் ஃபெங்கல் புயலாக மாறின அந்தத் தாழமுக்கத்தில் நாடளாவிய பரீட்சையையே இடையில் நிறுத்தித் தள்ளிவைத்தார்கள். லாம்பு வெளிச்சத்தில் படித்த பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்புப் பெரிய தண்டனை.

நோய்களையும் சொல்ல வேணும். வயலுக்குள் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களை எடுத்தது. வயல் வேலை தொடங்க முதல் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொன்னால் டொக்சிசைக்கிளின் இலவசமாகத் தருவார்கள். எங்கள் ஆம்பிளையள் "எனக்கு ஒண்டும் வராது" என்று அதைச் சட்டைப் பையில் போட்டுத் திரிவார்கள். சோத்துக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்து, விழுங்கின பிறகுதான் கறி ஊற்றுவேன். பாம்பு இன்னொன்று. புற்றுக்குள் தண்ணி ஏறினால் அவை வீட்டுக்குள் வரும். நிலத்தில் பாய் போட்டுப் படுப்பதை ஐப்பசியோடு நிறுத்திவிடுவோம். கட்டுவிரியன் கடித்தால் நோவே தெரியாமல் போகும், விடியும்போது கண்ணிமை தூக்க ஏலாது. அப்படித் தெரிந்தால் பார்வை பார்க்கிறவரைத் தேடாமல் நேரே ஆஸ்பத்திரி.

மாரி முழுக்கக் கஷ்டம் என்று எழுதினால் அது பொய். முதல் இடியோடு காட்டுக்குள் காளான் பூக்கும். அதைப் பொறுக்கி வந்து தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தால் இறைச்சி வேண்டாம். ஒடியல்மாவும் நண்டும் பயிற்றங்காயும் மரவள்ளியும் போட்டுக் கூழ் காய்ச்சுகிற நாளில் ஒழுங்கை முழுக்க வீட்டில் நிற்கும். பிலாவிலை கோலிக் குடிப்போம். அந்த ஒடியல் போன தையில் கிளறின பாத்தியின் கிழங்கு, பங்குனி வெயிலில் காய்ந்தது. இந்த வருசப் பனங்கொட்டையை இப்போது புதுப் பாத்தியில் அடுக்குகிறோம். கார்த்திகை 27 பின்னேரம் முழங்காவில் மாவீரர் துயிலுமில்லத்துக்குப் போகிறவர்கள் போவார்கள், போகமுடியாதவர்கள் வீட்டில் சுடர் ஏற்றுவார்கள். விளக்கீட்டுக்கு வளவு முழுக்கப் பந்தம் குத்துவோம். மார்கழியில் விடியப்புறம் சங்கும் சேமக்கலமுமாகத் திருவெம்பாவைப் பொடியள் ஒழுங்கையால் போவார்கள். பல் விளக்காத முகத்தோடு அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிற சந்தோசம் தனி.

போன மாரி மட்டும் அந்தச் சந்தோசம் ஒன்றும் வரவில்லை. 2025 நவம்பர் 28 டித்வா புயல் கரையேறியது. எங்கள் பக்கம் வெள்ளம். வயல் போனது, பாதை அறுந்தது. மலைநாட்டில் மலையே இறங்கியது. நாடு முழுக்க அறுநூறு பேருக்கு மேல் செத்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியாப் பக்கம்தான் கூட. அப்பாயியின் உறவுகள் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள். போன் வேலை செய்யவில்லை. அப்பாயி சாப்பிடாமல் ரேடியோவோடு இருந்தார். நான்காம் நாள்தான் ஒரு பெறாமகன் எடுத்துக் கதைத்தான்; உயிர் தப்பிவிட்டார்கள், காம்பரா இல்லை. அதற்குப் பிறகு மலையக மக்கள் வடக்குக்கு வந்து குடியேறலாம் என்று அரசியல்வாதிகள் கதைக்கத் தொடங்கினார்கள். அப்பாயி அதைக் கேட்டுவிட்டு, "வான்னு கூப்புடறது லேசு. வந்தா குடியிருக்கத் தரை குடுப்பாங்க. வயக்காணி குடுப்பாங்களான்னு கேளு" என்றார். நாற்பது வருசமாக இந்த ஊரிலிருந்து கூலிக்கு நாற்று நடப்போன ஒருத்தி கேட்கிற கேள்வி அது.

டித்வாவுக்குப் பிறகு எங்களுக்கு உலருணவுப் பொதி வந்தது. அரிசி, பருப்பு, சீனி, நூடில்ஸ், பாய், நுளம்புவலை. தந்தவர்களுக்குக் கோடி புண்ணியம். ஆனால் ஈரம் எல்லாவற்றையும் தின்றுமுடித்த பிறகு வருகிற உலருணவு அது. அதே காசில் பாதியைப் புரட்டாதியில் செலவழித்திருந்தால் மாட்டுக்குக் கூரை, விறகுக்குத் தகரம், பத்திரத்துக்கு நனையாத பெட்டி, வாய்க்காலுக்கு மண்வெட்டி எல்லாம் வந்திருக்கும். புயல் வந்த பிறகு கந்தோர்களுக்கு எங்களை ஞாபகம் வரும். புயலுக்கு முன்னம் ஞாபகம் வைத்திருப்பது வீட்டுப் பொம்பிளையள். இரண்டையும் ஒரு மேசைக்குக் கொண்டுவந்தால் என்ன என்பதுதான் என் கேள்வி.

அதனால் இந்த முறை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் வீடு வீடாகக் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறோம்: யார் வீட்டுக் கூரை ஒழுகும், யாருடைய பட்டிக்கு மறைப்பில்லை, எந்த வீட்டில் நடக்க ஏலாத கிழவர் தனியே இருக்கிறார், எந்த ஒழுங்கையில் தண்ணி முதலில் ஏறும், யாரிடம் உழவு இயந்திரம் இருக்கு. வரப்பைச் சுற்றிப் பார்க்கிற வேலையை ஆம்பிளையளுக்குக் கொடுத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். எழுதினதைக் கிராம அலுவலரிடம் கையொப்பத்தோடு கொடுத்து, ஒரு பிரதி பிரதேச செயலகத்துக்கும் அனுப்பப் போகிறோம். பதில் வருமோ தெரியாது. வராவிட்டாலும் எந்த வீட்டுக்கு முதலில் ஓட வேணும் என்று எங்களுக்குத் தெரியும். அப்பாயி கையெழுத்து வைக்க இப்போதே குளித்துச் சீலை மாற்றிவிட்டு இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் கிடக்கு என்று சொன்னால், "மழை ஒங்கிட்ட நாள் கேட்டா வருது?" என்கிறார்.